கஞ்சி வாசம் அடித்த கட்டுச்சோறு

விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் எதைக் கொண்டுபோவது, அதை யார் அவிழ்ப்பது, யார் முதலில் வாயில் வைப்பது என்றெல்லாம் சட்டம் போட்டு வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். அதிலும் கட்டுச்சோறு என்றால் கேட்கவே வேண்டாம். பெண்ணுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில் ஒன்பதாம் மாதம் நடக்கும்போது, பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு ஆக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு விருந்துக்குப் போவார்கள். அந்தச் சோற்றை உறவும் தெருவும் சாப்பிட்டு, நல்லது பொல்லாதது சொல்லி முடித்த பிறகுதான் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வரலாம். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தயிர்ச்சோறு என்று வகை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். கொண்டுபோகிறவர்கள் கட்டைப் பிரிக்கக் கூடாது. ஆக்கும்போது உப்புப் பார்க்கக்கூட ஒரு பருக்கையை நாக்கில் வைக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிதான் முதலில் சாப்பிட வேண்டும். ருசி பார்க்காமல் ஊருக்கே சோறாக்கு என்று எந்தப் புண்ணியவான் சட்டம் வைத்தானோ, அவன் ஒரு நாளும் அடுப்படிப் பக்கம் போயிருக்க மாட்டான்.

என் அக்காவுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோனபோது எனக்குப் பத்து வயது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. ஓடின என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா, நான், ஒரு தறி. அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார்கள். என்னை வளர்த்தது அக்காதான். தானே குழந்தையாக இருந்தவள், தன் இடுப்புக்கு மீறிய பாரமாக என்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அதனால்தான் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறாள் என்று தெருவில் அவளைக் கேலி செய்வார்கள். அவளை ஜேடர்பாளையத்தில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் சமையல் அப்பா, எடுபிடி நான். அக்கா பிரசவத்துக்கு வருவாள், மாதக் கணக்கில் இருப்பாள், மறுபடியும் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை.

ஆனால் அக்காவின் மாமியார் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. அவர்கள் எப்போதோ தறியை விட்டுவிட்டு வெற்றிலைக் கொடிக்காலுக்கு மாறியவர்கள். அக்காவின் மாமனார் வாயைத் திறந்தால் வெற்றிலைச் சாறு மட்டும்தான் வரும். பேச்செல்லாம் அந்த அம்மாள்தான். நாள் குறிக்கப் போன அப்பாவோடு நானும் போயிருந்தேன். மோர் கொடுத்து, வெற்றிலை பாக்குக் கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்.

"பொம்பளை இல்லாத ஊடுங்கண்ணா. எப்படிங்க அனுப்பறது?"

அப்பா துண்டின் நுனியைத் திருகினார். பிறகு, கட்டுச்சோற்றோடு வருகிறேன், அதற்கப்புறம் உங்கள் வார்த்தைதான் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். பொம்பளை இல்லாத வீடு என்றால் சோறாக்க ஆளில்லாத வீடு என்றுதானே அர்த்தம்? எங்கள் அப்பா வைக்கும் ரசத்தை இந்த அம்மாள் ஒரு நாள் குடித்துப் பார்த்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா? திரும்பி வரும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். கட்டுச்சோறு மட்டும் நன்றாக அமைந்துவிட்டால் அந்த அம்மாள் வாயடைத்துப் போய் அக்காவை அனுப்பிவிடுவார் என்பது என் முடிவு. நான் சொல்வது சரியாக இருப்பதால்தான் அப்பா பேசாமல் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் களிதான். அரிசி தட்டுப்பாடாக இருந்த நாட்கள். கிடைத்த அரிசியை எல்லாம் கட்டுச்சோற்றுக்கென்று பானையில் போட்டு மூடி வைத்துவிட்டு, நானும் அப்பாவும் ராகிக் களியை உருட்டி உருட்டி விழுங்கினோம்.

ஆக்குவதற்கு அத்தை வருவதாக ஏற்பாடு. அப்பாவின் தங்கை, அயோத்தியாப்பட்டணத்தில் மளிகைக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கைப்பக்குவத்துக்கு ஒரு குறை சொல்ல முடியாது. முதல் நாள் மத்தியானமே வந்துவிடுவேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். மத்தியானம் போய்ச் சாயங்காலமும் போயிற்று. அத்தை வரவில்லை. கரி பஸ்ஸை நம்பினவர்கள் கதி அது.

விஷயம் தெரிந்து தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு வகை ஆக்கித் தருகிறோம், கவலையை விடுங்கள் என்றார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவர்களில் பாதிப் பேருக்கு ஜேடர்பாளையம் பக்கம் உறவு இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்பா எல்லோரையும் கும்பிட்டு, வேண்டாமுங்க என்று அனுப்பிவிட்டார். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "ஊர்ச்சோத்தை வாங்கீட்டுப் போனா அது கட்டுச்சோறு இல்லே சாமி. அம்மா ஊட்டுச் சோறுன்னா அம்மா ஊட்டு அடுப்புல ஆகோணும்."

கோழி கூப்பிட அடுப்பை மூட்டினோம். அப்பா அன்றாடச் சமையலில் கெட்டிக்காரர். ஆனால் ஊருக்கே ஆக்குவது வேறு வித்தை. பானை பெரிது, கரண்டி பெரிது, அப்பாவின் பயம் எல்லாவற்றையும்விடப் பெரிது. புளிக்காய்ச்சல் கொதித்துத் தெறித்துக் கையெல்லாம் கொப்புளம். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எள்ளை வறுத்து இடித்தேன், தேங்காய் துருவினேன், நடு நடுவே அப்பாவுக்கு நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. கிளறுவதற்கு முன் வடித்த சோற்றைப் பரப்பி ஆற விட வேண்டும். பெண்கள் என்றால் பாயில் வாழையிலையைப் போட்டு ஆற்றுவார்கள். இல்லாவிட்டால் துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டி. வீட்டில் இலை இல்லை, பழைய வேட்டிக்கு அப்பாவுக்கு மனசு வரவில்லை. மகளுக்குக் கொண்டுபோகும் சோற்றைப் பழந்துணியில் கொட்டுவதா? முதல் நாள்தான் தறியிலிருந்து அறுத்தெடுத்த, தண்ணீர் படாத கோடி வேட்டியை எடுத்து விரித்தார். ஆவி பறக்கப் பறக்க எல்லாச் சோற்றையும் அதன்மேல்தான் கொட்டி ஆற்றினோம்.

நெசவுத் தெருவில் பிறக்காதவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தெரியாது. நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் தறியில் ஏற்றுவார்கள். துணியை நனைத்து அலசுகிற வரைக்கும் அந்தப் புளித்த கஞ்சி அதிலேயே இருக்கும். சூடும் ஈரமும் பட்டால் முழுக்க இறங்கிவிடும். நெசவுத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் சுவர், பாய், தலைமயிர் எல்லாமே கஞ்சி வாசம்தான். எங்கள் மூக்குக்கு அது ஒரு வாசமே இல்லை. வாயில் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்குத்தான் சட்டம் இடம் கொடுக்கவில்லையே.

வண்டியில் போகும்போது அப்பா ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். யாராவது கேட்டால், அத்தை வந்து ஆக்கிக் கொடுத்துவிட்டு, தன் குழந்தைக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று ஊருக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்ல வேண்டுமாம். அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அதனால் அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. கட்டுச்சோற்றுச் சட்டங்களில் இதுவும் ஒன்று போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜேடர்பாளையத்தில் வாசலெல்லாம் கோலம், வீடு நிறைய ஜனம். அக்கா பெரிய வயிற்றோடு பலகையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவளை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். வளையல் போட்டு, பொட்டு வைத்து, எல்லாம் முடிந்ததும் அந்த அம்மாள் தன் கையால் கட்டை அவிழ்த்து அக்காவின் இலையில் முதலில் புளிச்சோறு வைத்தார். ஒரு கவளம் வாயில் வைத்த அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு, தூணோரம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் கண் நிறைந்துவிட்டது. காரம் கூடிப்போயிற்றோ என்று நினைத்தேன். ஆனால் அவள் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

பிறகு பந்தி. அந்த அம்மாளும் ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, யாருங்கண்ணா ஆக்குனது என்று கேட்டார். அப்பா வண்டியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். அப்பா சொன்னது போதாது என்று நான் வேறு, அத்தை கோழி கூப்பிடவே எழுந்ததையும் எள் வறுக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டதையும், கேட்காததை எல்லாம் எடுத்துவிட்டேன். நல்லா இருக்குது என்று சொல்லி அந்த அம்மாள் இன்னொரு பிடி எடுத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் அத்தை வந்து நின்றார். முகமெல்லாம் கரி, புடவையெல்லாம் புழுதி. வந்ததும் வராததுமாக, முதல் நாள் கிளம்பிய பஸ் நடுவழியில் படுத்துக்கொண்டதையும், சத்திரத்தில் மூட்டைப்பூச்சியோடு மல்லுக்கட்டியதையும், இனி அண்ணன் வீட்டுக்குப் போய் என்ன பண்ண என்று நேரே இங்கே வந்துவிட்டதையும் தெருவுக்கே கேட்கும்படி சொல்லி முடித்தார். அப்பா கண்ணால் ஜாடை காட்டினார். அத்தைக்கு ஜாடையெல்லாம் புரியாது. கையைக் கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் போட்டார்.

"ஏண்ணா, யாரு ஆக்கினது இது? சோறு பூரா பாவுக் கஞ்சி வாசம் அடிக்குது."

பந்தியில் ஒருவரும் நிமிரவில்லை. வெற்றிலைக்கார மாமனார்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார். அப்பா தூணை விட்டு முன்னால் வந்தார்.

"நாந்தான் அம்மிணி ஆக்குனது," என்றார் அந்த அம்மாளிடம்.

"அது மொத வாயிலயே தெரிஞ்சுதுங்கண்ணா," என்றார் அந்த அம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சோத்துக்கா நான் அன்னைக்குச் சொன்னேன்?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பந்தியே ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று தங்கள் இலைக்குத் திரும்பிக்கொண்டது. நான் சொன்ன பொய்க்குத்தான் இந்தப் பார்வை என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். உனக்கு என்ன வயசாச்சு சாமி என்று கேட்டார். பத்துங்க என்றேன். பத்து வருஷமாச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு என் தலையில் கையை வைத்தார். வெகு நேரம் எடுக்கவே இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அம்மா காய்ச்சலில் போகவில்லை. என்னைப் பெற்ற மறுநாள், எங்கள் வீட்டு உள்ளறையில், விவரம் தெரிந்த ஒரு பெண் துணை பக்கத்தில் இல்லாமல் போனாள். வெளியே பாவு நூலை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஆள் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அந்த வீட்டுக்கு மருமகளை அனுப்பத்தான் அந்த அம்மாள் பயந்தார். அப்பாவுக்கும் அதே பயம்தான். ஆனால் பெற்ற மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூப்பிடாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. சோற்றை ஆக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இதெல்லாம் என் கல்யாணத்துக்குப் பிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பாழாய்ப்போன கஞ்சி வாசத்தால் அக்கா எனக்குக் கிடைக்காமல் போகப்போகிறாள் என்பதுதான். ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"அழுகாதே சாமி. உங்கக்காளை அனுப்பறேன்," என்றார் அந்த அம்மாள். அப்பாவைப் பார்த்து, "நானும் கூட வாரேனுங்கண்ணா," என்றார்.

பந்தியில் சலசலப்பு. பிரசவத்துக்குப் போகும் மருமகளோடு மாமியாரும் போய்ச் சம்பந்தி வீட்டில் தங்குவதா? அப்படி ஒரு வழக்கம் எங்கேயாவது உண்டா? அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டேவிட்டார். வழக்கமில்லைதானுங்க என்று ஒத்துக்கொண்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். கட்டுச்சோறு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. எங்கள் பாத்திரங்களில் சுக்கு, பூண்டு, மிளகு, பனைவெல்லம் என்று பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியதை எல்லாம் நிரப்பி வண்டியில் ஏற்றிவிட்டு, அக்காவை ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்தார். அத்தையையும் விடவில்லை, நீங்களும் இருக்கோணும் என்று கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். மாமனார் வாசலில் நின்று வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.

பொம்பளை இல்லாத வீட்டில் அதற்கப்புறம் பொம்பளைகளுக்குப் பஞ்சமில்லை. அத்தைக்கும் அந்த அம்மாளுக்கும் அடுப்படியில் தினம் ஒரு வழக்கு. சீரகம் முதலில் தாளிப்பதா கடுகு முதலில் தாளிப்பதா என்பதிலேயே ஒரு வேளைச் சாப்பாடு தாமதமாகும். அப்பா ரசம் வைக்க வந்தால் இருவரும் ஒன்று சேர்ந்து அவரைத் துரத்துவார்கள். அவர் தறியே கதி என்று கிடந்தார்.

அந்த அம்மாள் செய்த சில காரியங்கள் எனக்கு விளங்கவே இல்லை. வந்த அன்றைக்கே உள்ளறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அக்காவுக்குத் தறிக்கூடத்தின் ஒரு பக்கத்தில் மறைப்புக் கட்டி இடம் பண்ணினார். வெளிச்சமான இடம் அவருக்குப் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். நாள் நெருங்கியபோது வாசலில் ஒரு வண்டியையும் மாட்டையும் தயாராக நிறுத்தி, வண்டிக்காரனுக்கும் அங்கேயே சாப்பாடு போட்டார். ஏதாவது ஆபத்தென்றால் நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போவதற்கு அது. நானோ, அத்தையோடு சண்டை முற்றினால் கோபித்துக்கொண்டு போவதற்குத்தான் வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடமாட்டார். ஆனால் படுக்கும்போது மட்டும், போ சாமி, உங்கக்கா பக்கத்துல படுத்துக்க என்பார். அந்த ஒன்றுக்காக அவரை மன்னித்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அக்காவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்தாள். அப்பாவை வெளியே அனுப்பினார்கள். தெருக்கோடியில் பாவு நீட்டும் இடத்துப் புளியமரத்தடியில் அவர் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வெந்நீருக்கும் துணிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். நடுவில் அப்பாவைப் பார்க்கப் போனால், மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். என்னைத் தெரியாதவர் மாதிரி பார்த்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அப்பா எப்படி ஓடி வந்தார் என்று தெரியாது. வாசலில் மூச்சிரைக்க நின்றார், உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உங்க மக நல்லா இருக்கறாளுங்கண்ணா. எந்திரிச்சு உக்காந்து தண்ணி கேக்கறா," என்றார் அப்பாவிடம். அதைச் சொன்ன பிறகுதான் பெண் குழந்தை என்பதைச் சொன்னார்.

அத்தை கையை நீட்டினார். அந்த அம்மாள் அத்தையைத் தாண்டி, அப்பாவையும் தாண்டி என்னிடம் வந்தார். உட்காரு சாமி என்று என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, "மொதல்ல நீ வாங்கிக்க," என்று குழந்தையை என் மடியில் விட்டார். அவ்வளவு வெந்நீர் சுமந்ததற்குக் கூலி என்று நான் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் அப்பா படியில் உட்கார்ந்து துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தோளெல்லாம் குலுங்குகிற அழுகை. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. எங்கள் தெருவில் பெண் குழந்தை பிறந்தால் பெரியவர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் அப்பாவும் அப்படி என்று எனக்குத் தெரியாது. மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. குழந்தையின் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"பொண்ணாப் பொறந்துருச்சேன்னு அழுகாதீங்கப்பா. நானும் பொண்ணுதானுங்களே."

அதைக் கேட்டு அப்பா இன்னும் அதிகமாக அழுதார். அந்த அம்மாளும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லக் கூடாததை ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு, குழந்தையின் முகத்தில் உட்கார வந்த ஈயை ஓட்டினேன்.